பால் கேலன் சவாலை வரவேற்பு விழாவிலிருந்து எடுத்துவிடுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர் சங்கம் நடத்திக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல இரண்டு பெட்டியோடு எம்.எஸ். படிக்க வந்தவள்தான். வந்த முதல் நாள் சங்கத்து அண்ணன் ஒருவர் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போனார், இன்னொரு அக்கா மூன்று நாள் சோறு போட்டார், யாரோ ஒருவர் பழைய மெத்தையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்த நன்றி இன்னும் மாறாமல் இருக்கிறது, அதனால்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு நகராமல் உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு சங்கத்தின் வரவேற்பு விழாவுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்லப் போவதில்லை, இது ஒரு சங்கத்தின் மேல் வைக்கிற குற்றச்சாட்டு இல்லை. பூங்காவில் பிரியாணி, பாட்டு, அறிமுகம் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மேசை மேல் ஐந்து பால் கேன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிவப்பு மூடி போட்ட முழுக்கொழுப்புப் பால், ஒவ்வொன்றும் ஒரு கேலன். ஒரு மணி நேரத்தில் முழுதாகக் குடிக்க வேண்டும், வாந்தி எடுக்கக் கூடாது, எடுத்தால் தோற்றதாக அர்த்தம். இங்கே கல்லூரிகளில் பல வருடமாக நடக்கிற அதே கேலன் சேலஞ்ச்தான். புதிதாக வந்த பையன்கள் ஐந்து பேரின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

அதில் ஒரு தம்பி என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். அமெரிக்காவுக்கு வந்து ஒன்பதாவது நாள். முதல் கால் கேலனை ஆறே நிமிடத்தில் முடித்தான், எல்லோரும் விசில் அடித்தார்கள், அவன் சிரித்துக்கொண்டே கேனைத் தூக்கிக் காட்டினான். பாதிக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. கேனின் வெளிப்புறத்தில் வேர்த்திருந்த ஈரத்தை விரலால் துடைப்பதும் அதே விரலை நெற்றியில் வைத்துக்கொள்வதுமாக இருந்தான். மேலுதட்டில் வியர்வை. அப்புறம் பால் குடிக்காதபோதும் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தான். அது எச்சில். வாந்தி வருவதற்கு முன்னால் உடம்பு வாயில் எச்சிலைச் சுரக்கவிடும், தொண்டையையும் பல்லையும் அமிலத்திலிருந்து காக்க. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்டா, முடிச்சிரலாம்" என்றார்கள். முப்பத்தெட்டாவது நிமிடம் எல்லாம் வெளியே வந்தது, வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும். அவன் நடுவில் மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சுற்றிலும் போன்கள் தூக்கியபடி இருந்தன.

அன்று ராத்திரி முழுக்க இருமல். மறுநாள் மாலை காய்ச்சல். அறைத் தோழன் எனக்குப் போன் செய்ய, நான்தான் அவசர சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாந்தியின்போது பால் கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார். பத்து நாள் மாத்திரை. இன்சூரன்ஸ் போக அவன் கையிலிருந்து கட்டின பணம் அவனுடைய ஒரு மாத வாடகைக்குக் கிட்டத்தட்ட சமம். ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம், மழையில் நனைந்துவிட்டேன், சளி பிடித்திருக்கிறது என்று சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவன் சங்கத்து நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை.

என் தொழிலும் பால்தான். உணவு அறிவியல் படித்துவிட்டு ஒரு பால் பதப்படுத்தும் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, எந்த அமிலத்தில் எப்போது திரியும் என்று நாள் முழுக்க அளந்துகொண்டிருப்பவள். அந்தத் தம்பி தோற்றுப்போனான் என்று மைக்கில் சொன்னார்களே, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் தோற்கவில்லை, அது சாதாரண வயிற்றால் ஜெயிக்கிற மாதிரி அமைந்த கணக்கே இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர். நம் ஊர் அரை லிட்டர் பாக்கெட்டில் ஏழரைக்கும் கொஞ்சம் கூட. 200 மில்லி டம்ளரில் ஊற்றினால் பத்தொன்பது டம்ளர் வரும். ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு டம்ளர், நிறுத்தாமல், பத்தொன்பது முறை. எடை ஏறக்குறைய 3.9 கிலோ. வெறும் வயிறு கைமுட்டி அளவுதான் இருக்கும். சாப்பிடச் சாப்பிட அதன் மேல்பகுதி நெகிழ்ந்து இடம் கொடுக்கும், ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டர் வரை பெரிய சிரமம் இருக்காது. அதற்கு மேல் போனால் வயிற்றுச் சுவரில் இருக்கும் நரம்பு நுனிகள், இழுபடுகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்ல ஆரம்பிக்கும். முதலில் நிறைவு, பிறகு குமட்டல், பிறகு வாந்தி. மனசைத் திடப்படுத்திக்கொண்டு இதை அடக்க முடியாது, தும்மலை மன உறுதியால் நிறுத்த முடியாத மாதிரி.

சரி, ஒரு மணி நேரம் இருக்கிறதே, மேலே ஊற்ற ஊற்றக் கீழே வடிந்துகொண்டே இருக்காதா என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வெறும் தண்ணீர் என்றால் வேகமாக வடியும், குடித்ததில் பாதி பத்து இருபது நிமிடத்தில் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். பால் இறங்காது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் வாசலைத் தொட்டவுடன் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்கிற ஹார்மோன் சுரந்து, மெதுவாக அனுப்பு, இங்கே வேலை இருக்கிறது என்று வயிற்றின் கதவைச் சாத்தச் சொல்லும். சத்துள்ள எந்தத் திரவத்தையும் வயிறு கலோரி பார்த்துத்தான் கீழே விடும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 4 கலோரி. ஒரு கேலன் முழுக்கொழுப்புப் பாலில் இருப்பது கிட்டத்தட்ட 2,400 கலோரி. நிமிடத்துக்கு 4 என்றே வைத்துக்கொள்வோம், ஒரு மணி நேரத்தில் 240 கலோரி கீழே போகும். அது எவ்வளவு பால் தெரியுமா? இரண்டு டம்ளர்கூட முழுசாக இல்லை. மீதி பதினேழு டம்ளரும் வயிற்றிலேயே நிற்கும். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் மூன்றரை லிட்டரைச் சுமந்துகொண்டு வயிறு சும்மா இருக்காது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது, என் வேலையில் நான் தினமும் பார்ப்பது. பாலின் புரதத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கேசின். அமிலம் பட்டால் அது திரிந்து கட்டியாகும். வீட்டில் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பன்னீர் எடுக்கிறீர்களே, அதேதான் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. தெளிந்த நீர் முதலில் இறங்கும், கட்டி பின்னால் தங்கும். அந்தத் தம்பி எடுத்த வாந்தியில் வெள்ளைக் கட்டிகள் இருந்ததைப் பார்த்து சிலர் பயந்துபோய், பால் கெட்டுப்போயிருந்ததா என்று கேட்டார்கள். கெட்டுப்போகவில்லை. அவன் வயிறு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

கொழுப்பு நீக்கிய பால் வைத்தால் பரவாயில்லையா என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். கலோரி குறையும், ஆனால் அளவு அதே 3.8 லிட்டர், புரதமும் சர்க்கரையும் அப்படியே இருக்கும். சாக்லேட் பாலில் சர்க்கரை இன்னும் கூட.

அடுத்தது லாக்டோஸ். இதில் நம் ஆட்கள் இன்னும் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். பாலில் இருக்கிற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்கிற நொதி வேண்டும், குழந்தைக்கு அது நிறைய இருக்கும், வளர வளரப் பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடும். பெரியவர் ஆன பிறகும் அது குறையாமல் இருக்கச் செய்கிற மரபணு மாற்றம் வட ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் வடமேற்கில் கூடுதலாகவும், தெற்கேயும் கிழக்கேயும் போகப் போகக் குறைவாகவும் இருக்கிறது. ஆகவே விஸ்கான்சினில் பண்ணை வைத்திருக்கிற வட ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பத்துப் பையனுக்கும், நம் ஊரிலிருந்து வந்த பையனுக்கும் ஒரே கேன் பால் ஒன்றாக இருக்காது. "நான் தினமும் தயிர் சாதம் சாப்பிடறேன், காபி குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவன் நம்பிக்கையாகச் சொல்வான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே உடைத்துவிடுகின்றன, காபியில் இருப்பது அரை டம்ளர் பால். லாக்டேஸ் குறைவாக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலை, அதிகத் தொல்லையில்லாமல் தாங்குவார்கள். ஒரு கேலனில் இருப்பது ஏறக்குறைய 180 கிராம். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அது ஆரம்பிக்க அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அதனால் கூட்டம் கலைந்து அவன் தனியாக அறைக்குப் போன பிறகுதான் அந்தப் பாதி தொடங்கும். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. லாக்டேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கலாம் என்கிறார்கள், மாத்திரை சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளும், 3.8 லிட்டரை அது ஒன்றும் செய்யாது.

சிலர் குடித்திருக்கிறார்களே, வீடியோவில் பார்த்தோமே என்றால், உண்மை, சிலரால் முடிகிறது. அவர்களின் வயிறு வேறு மாதிரி பழகியிருக்கிறது. 2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு போட்டிச் சாப்பாட்டுக்காரரையும் நன்றாகச் சாப்பிடக்கூடிய ஒரு சாதாரண மனிதரையும் ஹாட் டாக் சாப்பிடவைத்து வயிற்றை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். சாதாரண மனிதர் 7-ல் நிறுத்திவிட்டார். மற்றவர் பத்து நிமிடத்தில் 36 சாப்பிட்டார், அவருடைய வயிறு இறுகவே இல்லாமல் ஒரு பெரிய தொய்ந்த பையாக விரிந்துகொண்டே போனது, வயிறு நிறைந்த உணர்வே அவருக்கு வரவில்லை. இப்படிப் பழக்கிய வயிறு பிற்காலத்தில் சாப்பாட்டைக் கீழே தள்ளும் சக்தியையே இழந்துவிடலாம் என்று அந்த மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஒன்பது நாள் முன்னால் விமானத்திலிருந்து இறங்கின பையனை இந்த வரிசையில் எப்படி வைக்கிறீர்கள்?

2005-ல் பேஸ்பால் வீரர் பிராட் பென்னி, மயாமியில் மார்லின்ஸ் அணிக்கு மட்டை எடுத்துக்கொடுக்கும் பையனிடம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கேலன் பாலை வாந்தி எடுக்காமல் குடித்தால் 500 டாலர் என்று பந்தயம் கட்டிய கதையை விழா மேடையில் சொன்னார்கள், நானும் கேட்டேன். அந்தக் கதையின் அடுத்த பாதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பந்தயத்தை ஏற்ற அந்தப் பையனை அணி ஆறு ஆட்டங்களுக்கு வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. சவால் விட்ட நட்சத்திர வீரருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. சின்னவன்தான் மாட்டினான்.

வாந்தி எடுத்தால் என்ன, எல்லோரும் எடுப்பதுதானே என்று நினைக்க வேண்டாம். மூன்று லிட்டர் ஒரே வீச்சில் மேலே வரும்போது, அவன் மூச்சு இழுக்கிற அதே கணத்தில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போனால் போதும், கொழுப்பும் கட்டியும் அமிலமும் கலந்த அந்தத் திரவம் நுரையீரலைப் புண்ணாக்கும். நான் கூட்டிப்போன தம்பிக்கு நடந்தது அதுதான், மருத்துவர் சொன்னபடி லேசான அளவில். வாந்தியின் அழுத்தத்தில் உணவுக்குழாயின் உள்தோல் கிழிந்து ரத்தம் வருவதும் உண்டு. மிக அபூர்வமாக உணவுக்குழாயே முழுதாகக் கிழிந்துவிடும். டச்சுக் கடற்படைத் தளபதி ஒருவர் பெருவிருந்துக்குப் பிறகு வாந்தி எடுக்க முயன்று அப்படி இறந்ததை ஹெர்மன் பூர்ஹாவே என்ற மருத்துவர் 1724-லேயே எழுதிவைத்துவிட்டார், அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அபூர்வம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூங்காவில் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவருக்காவது, இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருந்ததா? வாளி மட்டும்தான் தயாராக இருந்தது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு, சரி பாலை விடுவோம், தண்ணீர் வைப்போம் என்று மாற்றிவிடாதீர்கள். அது இன்னும் மோசம். பாலை உடம்பு வெளியே தள்ளிவிடும், தண்ணீரை உள்ளே விட்டுவிடும், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். 2005 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சீகோ நகரில், மாணவர் குழு ஒன்றில் சேர வந்த 21 வயதுப் பையனைக் குளிர்ந்த நிலவறையில் வைத்து மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள், அவன் இறந்துபோனான். அதன் பிறகு அந்த மாநிலத்தில் கொண்டுவந்த சட்டத்தை மேட்ஸ் லா (மேட்டின் சட்டம்) என்று அவன் பெயராலேயே சொல்கிறார்கள். 2007 ஜனவரியில் சாக்ரமென்டோவில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் யார் அதிகம் தண்ணீர் குடிப்பது என்று போட்டி வைத்தது, பிள்ளைகளுக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி ஜெயிக்க வந்த இளம் தாய் அன்றைக்கே இறந்தார். மது ஒரு சொட்டுக்கூட இல்லாத இடங்கள் இவை.

"யாரையும் கட்டாயப்படுத்தல அக்கா, அவங்களா வந்தாங்க." இதை மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள், மூன்று பேரும் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். நான் அந்தப் பையன் இடத்திலிருந்து பார்க்கிறேன். வீடு பார்த்துக் கொடுத்தது நீங்கள். எந்தப் பேராசிரியரிடம் வேலை கேட்கலாம் என்று சொல்லப் போவது நீங்கள். குளிர் வந்தால் பழைய கோட் தரப் போவதும், சிம் கார்டுக்கு உங்கள் குடும்பத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் போவதும் நீங்கள்தான். அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் முன்னால் மைக்கில் பெயரைக் கூப்பிடும்போது, மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு எங்கிருந்து வாய் வரும்? சீனியர் சொன்னால் செய்ய வேண்டும் என்பது ஊரிலிருந்தே பெட்டியோடு கூட வந்தது. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசுவை ராகிங்கில் இழந்த பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கொடூரத்தையும் உங்கள் விழாவையும் நான் ஒரே தட்டில் வைக்கவே இல்லை. நம் வீடுகளில் ராகிங் என்ற வார்த்தைக்கு ஏன் அப்பா அம்மாக்கள் இன்னும் பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

இங்கே சட்டமும் மாறிவிட்டது, நிர்வாகிகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் ஆக்ட், கல்லூரிகள் ஹேசிங் (நம் ஊர் ராகிங் மாதிரி) சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்கிறது. ஒரு மாணவர் அமைப்பில் சேர்வதையோ தொடர்வதையோ ஒட்டி ஒருவரை உணவோ திரவமோ உட்கொள்ளவைப்பதும் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் வருகிறது. திரவம் என்றுதான் இருக்கிறது, மது என்று மட்டும் இல்லை. பங்கேற்றவர் விருப்பத்தோடு வந்தாரா என்பது அதில் ஒரு பொருட்டே இல்லை. பல்கலைக்கழகம் அங்கீகரிக்காத அமைப்புக்கும் பொருந்தும். எஃப்-1 மாணவர் விசாவில் இருந்துகொண்டு இப்படி ஒரு விசாரணையில் உங்கள் பெயர் வருவதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள், உங்களுக்காக நானும் விரும்ப மாட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரும் ஆகஸ்ட் விழாவின் நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து கேலன் சவாலை எடுத்துவிடுங்கள், அதோடு பெயரைக் கூப்பிட்டுச் சாப்பிடவோ குடிக்கவோ வைக்கும் எதையும். பழைய வீடியோக்கள் சங்கத்தின் பக்கத்தில் கிடந்தால் அழித்துவிடுங்கள், அதில் இருக்கிற முகங்கள் வேலை தேடிக்கொண்டிருக்கின்றன. எங்கேயாவது யாராவது தாங்களாகவே செய்து மாட்டிக்கொண்டால் மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ரத்தம் வந்தாலோ, நெஞ்சு கடுமையாக வலித்தாலோ, மூச்சு இரைத்தாலோ, பேச்சு குழறினாலோ 911-ஐக் கூப்பிடுங்கள், செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள்.

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறியடி வையுங்கள், கயிறு இழுங்கள், பாட்டுக்குப் பாட்டு வையுங்கள். போன வருடம் வேறொரு ஊரில் புதியவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, பூங்காவிலேயே அடுப்பு மூட்டி, யார் முதலில் டீ போட்டு எல்லோருக்கும் கொடுப்பது என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். காற்றில் அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது, ஒரு குழுவுக்குப் பால் பொங்கி வழிந்தது, பக்கத்துக் குழுப் பெண் ஓடிப்போய்த் தன் பாலில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு டீ குடிக்க நூற்றிருபது பேர் இருந்தோம், மொத்தம் நாலு கேலன் பால்தான் செலவானது.

உங்கள் சங்கங்களின் திட்டக் கூட்டங்கள் இந்த மாதம் தொடங்குகின்றன என்று தெரியும். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், ஜூமில் வருகிறேன், கார் ஓட்டி வரும் தூரமென்றால் நேரிலேயே வருகிறேன். ஒரு லிட்டர் பாலும் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கண்ணாடிக் குவளையும் கொண்டுவருகிறேன். அப்புறம், அந்தத் தம்பியின் சங்கத்து நிர்வாகிகள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். அவன் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறான், சனிக்கிழமை காலையில் வீட்டில் இருப்பான். போய் ஒரு முறை கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சீனியர் அக்கா ஒருத்தி